கொட்டமுத்தும் அம்மாவோட மூக்கும்

மார்கழியில இருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. கொட்டமுத்து உடைக்கிறது, காயவைக்கிறதுன்னே நாள் ஓடிப்போச்சு. போன வருசம் "மரச்செக்குல விளக்கெண்ணெய் ஆட்டப் போறேன், வேணும்னா சொல்லுங்க"ன்னு இங்க எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தையும் எழுதலயேன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தாங்க. எழுத வெக்கமா இருந்துச்சு, அதான் காரணம். இப்ப எழுதிடறேன்.

புதுசா படிக்கிறவங்களுக்கு: எங்க ஊரு திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல, பெரிய ரோட்ட விட்டு உள்ள தள்ளி இருக்கு. ஆடிப்பட்டத்துல மல்லாட்டைதான் எங்களுக்கு முக்கியப் பயிர். வெளியூர்க்காரங்க நிலக்கடலை, வேர்க்கடலைன்னு சொல்லுவாங்க. நாங்க மல்லாட்டைன்னுதான் சொல்லுவோம். அந்த மல்லாட்டைக் கொல்லையைச் சுத்தி வரப்போரமா ஆமணக்கு போடுறது பழைய வழக்கம். வெட்டுப்புழுவோட தாய் அந்துப்பூச்சிக்கு மல்லாட்டை இலையை விட ஆமணக்கு இலை மேல ஆசை அதிகம். அங்க போயி கும்பலா முட்டை வைக்கும். முட்டை இருக்கிற இலையைக் கிள்ளி அழிச்சிட்டா மருந்துச் செலவு குறையும். புழுவுக்குன்னு போட்ட செடி, கடைசியில நமக்கு ரெண்டு மூட்டை கொட்டமுத்து குடுத்துட்டுப் போகும்.

திண்டிவனத்துல எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கறதால எங்களுக்கு விதைக்குப் பஞ்சம் இல்ல. டி.எம்.வி.ன்னு பேரு ஆரம்பிக்கிற மல்லாட்டை, எள்ளு, ஆமணக்கு ரகமெல்லாம் அங்க பொறந்ததுதான். டி.எம்.வி.ன்னா திண்டிவனம். சேலம் பக்கத்து ஏத்தாப்பூர்ல மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்க வந்த ஒய்.ஆர்.சி.எச். 1 வீரிய ஒட்டு ரகத்தையும் இங்க சில பேர் போடுறாங்க. 2024-ல நான் வரப்புல போட்டது போதாதுன்னு மேட்டாங்காட்டுல அரை ஏக்கர் முழுசா ஆமணக்கே போட்டேன். அதுக்குக் காரணம் என் பொண்ணு.

அவ ஃபோன்ல ஒரு குப்பியைக் காட்டுனா. கருப்பா எண்ணெய். ஜமைக்கா நாட்டு விளக்கெண்ணெயாம், தலைமுடிக்குத் தடவ. விலையைப் பார்த்தா எனக்கு மயக்கமே வந்துச்சு. எப்படிச் செய்யறாங்கன்னு படிச்சிக் காட்டுனா. கொட்டையை வறுத்து, இடிச்சி, தண்ணியில கொதிக்கவச்சி, மேல மிதக்கறதை மொண்டு எடுக்கறாங்களாம். திண்ணையில உக்காந்திருந்த எங்க அம்மா, "இதுக்கு எதுக்குடி ஜமைக்கா? நான் ஊத்துற எண்ணெய்தானே இது?"ன்னுச்சு.

உண்மைதான். எங்க வீட்ல விளக்கெண்ணெய் கடையில வாங்குனதே கிடையாது. அம்மா ஊத்தும். "ஊத்துறது"ன்னுதான் சொல்லுவோம். கொட்டமுத்தை ஓட்டுச் சட்டியில வறுத்து, உரல்ல போட்டு மசிய இடிச்சி, அண்டாவுல தண்ணி கொதிக்கும்போது போட்டுக் கிளறும். எண்ணெய் பிரிஞ்சி மேல வரும். அகப்பையால வழிச்சி இன்னொரு சட்டியில விட்டு, சடசடன்னு வெடிக்கிற சத்தம் அடங்குற வரைக்கும் காய்ச்சும். கடைசியா ஒரு துணித்திரியை முக்கிப் பத்த வைக்கும். திரி பொறிஞ்சா தண்ணி இன்னும் இருக்குன்னு அர்த்தம், மறுபடி அடுப்புல ஏத்தும். திரி சத்தமில்லாம நின்னு எரிஞ்சா இறக்கிடும்.

அப்புறம் புறங்கையில ஒரு சொட்டு வச்சித் தேய்ச்சி, கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு மோந்து பார்க்கும். அதுதான் பரீட்சை. அக்கம்பக்கத்துல புள்ள பெத்த வீட்டுக்கெல்லாம் எங்க வீட்டு எண்ணெய்தான் போகும். மத்தவங்க ஊத்துன எண்ணெயையும் அம்மாகிட்ட கொண்டாந்து காட்டுவாங்க. "பழைய கொட்டைடி", "மழையில நனைஞ்சது", "தீஞ்சிப்போச்சு", இப்படி ஒரே வார்த்தையில சொல்லிடும். தப்பாச் சொல்லி நான் பார்த்ததில்ல.

2021-ல ரெண்டாவது அலையில அம்மாவுக்குக் கொரோனா வந்துச்சு. உசுரு பொழைச்சிடுச்சி, ஆனா மூக்கு போயிடுச்சி. பல பேருக்கு மூணு மாசம், ஆறு மாசத்துல வாசனை திரும்ப வந்துச்சு. அம்மாவுக்கு வரல. குழம்பு தீஞ்சாலும் தெரியாது. அதைப் பத்தி ஒரு நாளும் பொலம்புனது இல்ல, எண்ணெய் ஊத்துறதை மட்டும் நிறுத்திடுச்சி.

மேட்டாங்காட்டு ஆமணக்கு நல்லாத்தான் வந்துச்சு. ஆமணக்குல ஒரு தொல்லை என்னன்னா, எல்லாக் குலையும் ஒண்ணா முத்தாது. ஆடியில போட்டா முதல் குலை கார்த்திகையில காயும், அப்பத்தான் நம்ம பக்கம் அடைமழை. ரெண்டாவது, மூணாவது குலையெல்லாம் மார்கழி, தைன்னு வெயில்ல காயும். முதல் குலையை அறுத்து மாட்டுக்கொட்டாய் ஓரம் ரெண்டு சாக்குல கட்டி வச்சிருந்தேன். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரையைக் கடந்துச்சு. மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் ஜில்லாவே தண்ணியில கெடந்தது. கொட்டாய்க்குள்ள கணுக்கால் அளவு தண்ணி. மாட்ட அவுத்து மேட்டுல கட்டுறதா, சாக்கைத் தூக்குறதா? மாட்டத்தான் பார்த்தேன்.

வெயில் வர நாலு நாள் ஆச்சு. சாக்கைப் பிரிச்சிக் காயவச்சேன். தோடு காஞ்சிடுச்சி, பளபளன்னுதான் இருந்துச்சு. கொட்டமுத்தோட மேல்தோல் அப்படி, உள்ள என்ன நடந்தாலும் வெளிய காட்டாது. பார்க்க மாட்டு உண்ணி மாதிரியே இருக்கும். அதோட அறிவியல் பேரு ரிசினஸ், லத்தீன்ல அதுக்கு உண்ணின்னுதான் அர்த்தம்னு பொண்ணு சொன்னா. வெள்ளைக்காரனும் நம்மள மாதிரி மாடு மேய்ச்சவன்தானே.

தையில அறுத்த நல்ல கொட்டையோட அந்த நனைஞ்ச ரெண்டு சாக்கையும் கலந்துட்டேன். மொத்தம் 120 கிலோ. அதுல நனைஞ்சது 40 கிலோ இருக்கும். கலக்கும்போதே மனசுல ஒண்ணு உறுத்துச்சு. எடை குறையுமேன்னு கலந்துட்டேன். செக்குல குடுத்து ஆட்டுனதுல 42 லிட்டர் வந்துச்சு. ஒரு வாரம் மூடி வச்சி மண்டி அடங்குனதும் மேல தெளிஞ்சதை வடிகட்டிக் கேன்ல ஊத்தினேன். பொண்ணுக்கு அப்பத்தான் குழந்தை பொறந்து மூணு மாசம். ஆம்பளப் புள்ள. அவளுக்கு ரெண்டு லிட்டர் குடுத்தனுப்பிட்டு, மீதியை வானூர் பக்கம் சோப்பும் தலைக்கு எண்ணெயும் செய்யற ஒரு அம்மாவுக்குக் கொண்டு போனேன். ஆரோவில் இருக்கறதால அந்தப் பக்கம் இந்த மாதிரி சின்னச் சின்னத் தொழில் நெறைய.

அந்தம்மா முதல்ல ஒரு லிட்டர் அளந்து எடை போட்டாங்க. 950 கிராமுக்குக் கொஞ்சம் மேல காட்டுச்சு. "கலப்படம் இல்லண்ணே"ன்னாங்க. எனக்கு ஆச்சரியம். அப்புறம்தான் விளக்குனாங்க. நல்லெண்ணெய், கடலெண்ணெய், பாமாயில் எல்லாமே லிட்டர் 910, 920 கிராம்தான் நிக்கும். விளக்கெண்ணெய் ஒண்ணுதான் கனம். மட்ட எண்ணெயைக் கலந்தா எடையே காட்டிக் குடுத்துடும். இன்னொண்ணும் செஞ்சி காட்டுனாங்க. கண்ணாடிக் குழாய்ல எண்ணெயோட சுத்தமான சாராயத்தை ஊத்திக் குலுக்குனாங்க. தெளிவா கரைஞ்சி நின்னுச்சு. வேற எந்தச் சமையல் எண்ணெயும் அப்படிக் கரையாதாம், பால் மாதிரி கலங்கிடுமாம். விளக்கெண்ணெய்ல நூத்துக்கு 85, 90 பங்கு ரிசினோலிக் அமிலம்னு ஒண்ணு இருக்காம். அந்த வழவழப்பு, கனம், சாராயத்துல கரையறது எல்லாம் அதோட வேலைதான். உதட்டுச் சாயத்துல இருந்து கண்ணாடி மாதிரி தெரியிற சோப்பு வரைக்கும் இது இல்லாம முடியாதுன்னாங்க. உலகத்துக்கே நம்ம நாட்டுல இருந்துதான் அதிகம் போகுது, அதுலயும் குஜராத்துதான் பெரிய கை.

நான் பூரிச்சிப்போயி உக்காந்திருந்தேன். அந்தம்மா மூடியைத் திறந்து மோந்தாங்க. முகம் மாறுச்சு. ஒண்ணும் சொல்லல. "சாம்பிள் லேபுக்கு அனுப்பறேன், ஒரு வாரம் பொறுங்க"ன்னாங்க.

ஒரு வாரத்துல ரிப்போர்ட் வந்துச்சு. ஆசிட் வேல்யூ 6.8. அவங்க வாங்குறது 2-க்குக் கீழதான். அது என்னன்னா, விதையில எண்ணெய் கட்டுக்கோப்பா இருக்கற வரைக்கும் அமிலம் வெளிய வராது. விதை நனைஞ்சாலோ, தோடு உடைஞ்சாலோ, பூஞ்சணம் புடிச்சாலோ அந்தக் கட்டு அவுந்து அமிலம் தனியா வந்துடும். ஒரு கிராம் எண்ணெயில இருக்கற அந்த அமிலத்தைச் சரிக்கட்ட எத்தனை மில்லிகிராம் பொட்டாஷ் காரம் வேணுமோ அதுதான் இந்த நம்பர். எண்ணெயைச் சாராயத்துல கரைச்சி, நிறம் மாறுற மருந்து ரெண்டு சொட்டு விட்டு, காரத்தைச் சொட்டுச் சொட்டா விடுவாங்க. ரோஸ் நிறம் வந்து நின்னா கணக்கு முடிஞ்சது.

"கெட்டுப்போன எண்ணெயில என்ன ஆகும்னு பாருங்கண்ணே"ன்னு ஒரு சோப்பைக் காட்டுனாங்க. வெள்ளைச் சோப்பு மேல துரு மாதிரி ஆரஞ்சுப் புள்ளி. அது பழைய சூரியகாந்தி எண்ணெயில செஞ்சதாம். விளக்கெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் காறல் அடிக்காது, ஆனா அமிலம் ஏறுனா சோப்புக் கரைசல் கலக்கும்போதே கட்டியாயிடும், உடம்புக்குத் தடவுனா தோல் எரியும்னாங்க. கடைசியா, "வாசனையிலயே தெரிஞ்சதுண்ணே. மக்குன வாடை. உங்களுக்கு வரலையா?"ன்னு கேட்டாங்க.

வரல. அதுதான் எனக்கு விழுந்த அடி. மாட்டுக்கொட்டாய்லயே கெடக்குறவனுக்குச் சாணி வாசனை தெரியாத மாதிரி, ஒரு மாசமா அந்தக் கொட்டையோடவே இருந்ததுல என் மூக்கு பழகிப்போயிருக்கு. மோந்து பார்க்கற வேலைய பொறந்ததுல இருந்து அம்மாகிட்டயே விட்டுட்டேன். நானா ஒரு நாளும் கத்துக்கல.

ரோட்டுக்கு வந்ததும் முதல்ல பொண்ணுக்கு ஃபோன் போட்டேன். "குழந்தைக்கு அந்த எண்ணெயை வைக்காதம்மா"ன்னேன். "ஏம்ப்பா, தினமும் உச்சந்தலையில வச்சிட்டுத்தானே இருக்கேன்"ன்னா. குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருந்தான். ஆனாலும் என்ன சொல்றதுன்னு தெரியாம லைனைக் கட் பண்ணிட்டு அங்கயே புளியமரத்தடியில வண்டியை நிறுத்திட்டு உக்காந்துட்டேன். ஊரான் வீட்டுப் புள்ளைக்கெல்லாம் நல்ல எண்ணெய் குடுத்த வீடு எங்க வீடு.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். திட்டும்னு நெனச்சேன். திட்டல. "மீதிக் கொட்டை இருக்கா? கொண்டா"ன்னுச்சு. சாக்கு அடியில ரெண்டு பிடி இருந்துச்சு. ஒவ்வொண்ணா அம்மிக்கல்லுல தட்டித் தோடை உரிச்சி உள்பருப்பை வெளிச்சத்துல பார்த்துச்சு. நல்ல பருப்பு சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருக்கு. நனைஞ்சது மஞ்சள், சிலது பழுப்பு. பத்துக்கு மூணு அப்படி. "எண்ணெயை மோந்து என்னடா பார்க்கறது, கொட்டையிலயே எழுதியிருக்குது பாரு"ன்னுச்சு. நானும் என் சம்சாரமும் அன்னிக்கு ராத்திரி உக்காந்து அந்த ரெண்டு பிடியையும் உடைச்சிப் பார்த்தோம்.

நாப்பது லிட்டரை என்ன பண்றது? ஒரு வியாபாரி வந்தாரு. "ஏன் கவலப்படுறீங்க, மண்ணு போட்டு வடிகட்டுனா நிறம், வாடை எல்லாம் போயிடும், நல்ல எண்ணெயோட கலந்து தள்ளிடலாம்"னாரு. நிறம் எடுக்கிற மண்ணு ஒண்ணு இருக்கு, பெரிய ஆலையில முறைப்படி அமிலம் நீக்கி, அதுக்கப்புறம் போடுறதுதான். மண்ணு நிறத்தை எடுக்கும், அமிலத்தை எடுக்காது. செக்குக்குச் செலவழிச்ச காசு கைமாத்து வாங்குனது. ரெண்டு நாள் யோசிச்சேன், பொய் சொல்ல விரும்பல. அம்மாவுக்குத் தெரியாமக் குடுத்திருக்கலாம், அதுக்குத்தான் மூக்கு இல்லையே. அந்த நெனப்பு வந்ததும் எனக்கே கூசிப்போச்சு. வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன்.

பேர்லயே விளக்கு இருக்கே. கோயிலுக்கு விளக்கெரிக்கப் பத்து லிட்டர் குடுத்தேன். உளுந்து, துவரை விதையில தடவி வைக்கக் கொஞ்சம், வண்டு வராது. ஏர்க்கலப்பை, பம்ப்செட்டு, கதவுக் கீலு எல்லாத்துக்கும் போட்டும் இன்னும் ஒரு கேன் கெடக்குது. புண்ணாக்கு மட்டும் வீணாகல, நெல்லு வயலுக்கு எருவாப் போட்டேன். ஆமணக்குப் புண்ணாக்கை மாடு ஆடு திங்க விட்றாதீங்க, விசம். பச்சைக் கொட்டையையும் குழந்தைங்க கையில குடுக்காதீங்க. அந்த விசம் புண்ணாக்கோட தங்கிடும், எண்ணெயில இறங்காது.

இந்த வருசம் அரை ஏக்கர்ல போடல, கால் ஏக்கர்தான். முதல் குலையைத் தனியா அறுத்துத் தனி சாக்குல வச்சி மேல சிவப்புக் கயிறு கட்டிட்டேன். அது அம்மா ஊத்துறதுக்கும் இல்ல, ஆட்டுறதுக்கும் இல்ல, விளக்குக்குத்தான். மத்த குலையைச் செடியிலயே நல்லா காயவிட்டு, மொட்டமாடியில தார்ப்பாய் போட்டுப் பரப்பி, சாயந்திரம் பனி இறங்கறதுக்கு முன்ன அள்ளினோம். தடியால அடிக்கலை. அடிச்சா தோடு உடைஞ்சி பருப்புல காத்து படும். கையால தேய்ச்சி முறத்துல புடைச்சோம், கூலி கூடத்தான் ஆச்சு. பத்துப் பிடிக்கு ஒரு பிடி உடைச்சிப் பருப்பைப் பார்த்தோம். மொத்தம் 60 கிலோதான் தேறுச்சு, 21 லிட்டர் எண்ணெய்.

செக்குக்காரர்கிட்ட முன்னாடி நாள் என்ன ஆட்டுனீங்கன்னு கேட்டுக்கிட்டு, உரலைத் துடைக்கச் சொன்னேன். எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி போடுவாங்க, அந்தப் பிசுக்கு ஒட்டியிருந்தா இதுக்கு ஆகாது. அவரு என்னை ஒரு மாதிரியா பார்த்தாரு. தேங்காய் எண்ணெய்க்கும் இப்படித்தான் கேக்கணும். கொப்பரைக்குக் கந்தகப் புகை போட்டு வெள்ளையாக்குறவங்க இருக்காங்க, பார்க்க அழகா இருக்கும், உடம்புக்குத் தடவுற எண்ணெய்க்கு அது ஏத்ததில்ல.

போன வாரம் வானூர் அம்மா ரிப்போர்ட்டை ஃபோன்ல அனுப்புனாங்க. 1.4. பதினெட்டு லிட்டரையும் எடுத்துக்கிட்டாங்க. கைமாத்துல பாதி அடைஞ்சது.

மூணு லிட்டர் வீட்டுக்கு. ஒரு கிண்ணத்துல ஊத்தி அம்மாகிட்ட குடுத்தேன். பழக்கதோசம், புறங்கையில வச்சித் தேய்ச்சி மூக்குகிட்ட கொண்டு போச்சு. அப்புறம் ஞாபகம் வந்து கையை இறக்கிடுச்சி. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் ஒட்டிப் பிரிச்சி நூல் விடுதான்னு பார்த்துச்சு. "அந்த பேப்பர்ல என்ன போட்டுருக்கான்?"னு கேட்டுச்சு. சொன்னேன். "ஒண்ணு நாலா"ன்னு ரெண்டு தடவ சொல்லிப் பார்த்துக்கிச்சு.

"நீ மோந்து பார்த்தியா?"

"பார்த்தேம்மா."

"எப்படி இருக்குது?"

எனக்குச் சொல்ல வார்த்தை வரல. பச்சைப் பருப்பை உடைச்சா வருமே அந்த வாசனை, லேசா, அதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னேன். பேரன் தவழ்ந்து வந்து கிண்ணத்தைத் தட்டப் பார்த்தான். அம்மா கிண்ணத்தைத் தூக்கி மடியில வச்சிக்கிட்டு, அவனை இழுத்து உக்காரவச்சி, உச்சந்தலையில ஒரு சொட்டு விட்டுச்சு.